சென்னையைப் பார்க்கத் தக்க வேளை

சென்ற கோடை விடுமுறையில் தென்காசியிலிருந்து என் சித்தப்பா மகன் மனைவி மக்களோடு சென்னைக்கு வந்திருந்தான். ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டு, ஊரில் யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிடக் கிளம்பினான். நண்பகலில் மெரினாவில் இறங்கியபோது மணல் செருப்பையும் மீறிச் சுட்டதால் பிள்ளைகள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். அங்கிருந்து மயிலாப்பூருக்குப் போனால் கபாலீசுவரர் கோயிலில் நடை சாத்தியிருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் வெள்ளிக்கிழமை என்பதால் விடுமுறை. கடைசியில் குளிரூட்டப்பட்ட ஒரு பேரங்காடியில் மாலையைக் கழித்துவிட்டு வீடு திரும்பினார்கள். மறுநாள் ரயிலேறும்போது அவன் சொன்னான்: "மெட்ராஸ்ல பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையேக்கா." குறை சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை, கண்டதைச் சொன்னான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பல வாரங்கள் என்னை விடவில்லை. இருபது வயதுக்கு மேல் பிழைப்புக்காக வந்து சேர்ந்து, பிறகு இதுவே என் ஊர் என்று ஆகிப்போன ஒரு நகரத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் மனம் எளிதில் ஏற்பதில்லை.

அவன் போன இடங்களில் ஒரு தவறும் இல்லை. நானே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த மூன்றும் அதில் முதலில் இருந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலை எந்த நேரத்தில் போய் அண்ணாந்து பார்த்தாலும் அது நம்மை நிறுத்திவிடும். வாயில் அடைத்திருந்தாலும் விமானம் தெரியும். சென்னையில் அப்படி எந்நேரமும் நமக்காகக் காத்து நிற்கும் பெருங்கட்டடம் ஒன்றும் இல்லை. இது வெயிலும் கடற்காற்றும் வேலை நேரங்களும் சேர்ந்து நடத்துகிற நகரம். இதன் இடங்கள் ஒரு வேளையில் முகம் கொடுக்கும்; மற்ற வேளைகளில் கொடுக்காது. எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் எப்போது போவீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதை நானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. மயிலாப்பூரைப் பற்றி ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம் முழுவதும் இந்த எண்ணத்தின்மீதுதான் நிற்கிறது. பாம்பு தீண்டி இறந்துபோன ஒரு பெண்ணை நோக்கி, இதையெல்லாம் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று அவர் கேட்கிறார். காணாமல் போகிறாயே என்று அவர் வருந்துவது கோபுரத்தையோ குளத்தையோ குறித்தல்ல. ஐப்பசி ஓணத்தையும், கார்த்திகை விளக்கீட்டையும், மார்கழி ஆதிரையையும், தைப்பூசத்தையும், மாசிக் கடலாட்டையும், பங்குனி உத்திரத்தையும் குறித்து. ஓர் ஊரில் பார்க்க வேண்டியவற்றை அவர் மாதங்களாகவே அடுக்கியிருக்கிறார். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்துமூவர் பல்லக்குகளில் வரிசையாக மாட வீதிகளில் வரும்போது, தெருவே நகர்வதுபோன்ற அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நின்றவர்களுக்கு, மயிலாப்பூர் என்றால் என்ன என்று வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே வீதிகளில் மார்கழி விடியலில், கோலம் போட்டு முடித்த ஈரம் காயாத நேரத்தில், பஜனைக் குழுவின் பின்னால் நடப்பது வேறோர் அனுபவம். பாபநாசம் சிவன் அங்கே பாடிக்கொண்டு வலம் வந்த வழக்கத்தின் தொடர்ச்சி அது.

கடற்கரையின் பொழுதுகள்

மெரினாவுக்கு என் கணக்கில் ஒரு வேளை உண்டு. அது, சூரியன் எழுவதற்குச் சற்று முன். அப்போது உழைப்பாளர் சிலைக்கு எதிரே சாலையோரம் நின்றால், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் நிறுவப்பட்ட அந்த நான்கு உருவங்களும் வெளிறும் வானத்துக்கு எதிரே கருத்த வடிவங்களாகத் தெரியும். வெளிச்சம் ஏற ஏற முதுகுத் தசைகளும், பாறையின்மேல் ஊன்றிய நெம்புகோலும், காலை மடித்து முழு எடையையும் கொடுத்து நிற்பவனும் ஒவ்வொன்றாக வெளிப்படுவார்கள். பகலில் பேருந்து சன்னலிலிருந்து ஆயிரம் முறை பார்த்தும் அந்த உடல்களின் வருத்தம் எனக்குப் புலப்பட்டதில்லை.

மணலின்மேல் நடந்து நீரை அடைய ஏன் இவ்வளவு தொலைவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது இயற்கை. சுவர் அதை மறித்ததும் மணல் தெற்கே தேங்கிக் குவிந்தது. அதற்கு முன் கடல் இப்போதிருக்கும் சாலைக்கு மிக அருகில் இருந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டது, அப்படிச் சேர்ந்துகொண்டிருந்த கரையில்தான். தெற்கே சேர்ந்த மணலின் விலையை வடக்கே இராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கொடுத்தன. அங்கே கடல் தெருக்களையே அரித்துக்கொண்டு போனது. இன்று கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே மெரினாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அதே கடற்கரையின் மறுபாதியையும் பார்த்துவிடுங்கள் என்பதே.

அந்த மறுபாதிக்கு உரிய வேளை விடியலுக்கும் முந்தையது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வந்து அணையும்போது விளக்கொளியில் ஏலம் தொடங்கிவிடும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, இறால் என்று கூறு கூறாகத் தரையில் கொட்டப்படும். விலை சொல்பவரின் குரல் ஏறும். ஐஸ் நொறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே அன்னக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து முன்னால் வருவார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் ஈரத் தரையும் வலை பிரித்துக்கொண்டிருக்கும் சிலரும்தான் மிச்சம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது துறைமுகம் முழுவதும் படகுகள் நெருக்கமாகக் கட்டிக் கிடக்க, அவற்றுக்கு வண்ணம் பூசும் வேலையும் பழுது பார்க்கும் வேலையும் நடக்கும். அதுவும் பார்க்கத் தக்கதே, ஆனால் மீனை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கோயம்பேடும் இப்படித்தான். 1996இல் பாரிமுனைப் பகுதியின் நெரிசலிலிருந்து பெயர்த்து, 295 ஏக்கரில் அமைத்த அந்தச் சந்தைக்குப் பகலில் போனால் லாரிகளும் அழுகிய இலைகளும்தான் கண்ணில் படும். விடியற்காலையில் பூச்சந்தைக்குள் நுழைந்தால், சம்பங்கி மூட்டைகளுக்கு நடுவே வழி தேடி நடக்க வேண்டியிருக்கும்.

நீலாங்கரையிலிருந்து ஒரு நடை

இந்த எண்ணம் எனக்குள் உறுதிப்பட்ட இடம் பெசன்ட் நகர். அலுவலகத்தில் உடன் பணியாற்றிய தோழி ஒருத்தி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினரோடு ஓர் இரவு நடக்க என்னை அழைத்தாள். 1988 முதல் இவர்கள் ஆண்டுதோறும் சனவரி தொடங்கி முட்டையிடும் பருவம் முடியும்வரை இரவில் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறார்கள். பொதுமக்களும் வார இறுதி இரவுகளில் சேர்ந்து நடக்கலாம். நீலாங்கரையில் இரவு வெகு நேரம் கழித்துக் கூடினோம். அங்கிருந்து பெசன்ட் நகர் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். கைவிளக்கு எரிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, அலை வந்து நனைக்கும் விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும் என்று எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் சொன்னார். முதல் அரை மணி நேரம் என் கால்களைத் தவிர வேறெதையும் என்னால் கவனிக்க முடியவில்லை. பிறகு கண் இருளுக்குப் பழகியது. நகரத்தின் விளக்குகள் மேற்கே ஒரு சிவந்த மங்கலாக நின்றன. கிழக்கே ஒன்றுமே இல்லை, அலையின் வெண்மை மட்டும் தோன்றித் தோன்றி மறைந்தது.

வழியில் முதலில் கண்டது இறந்த ஆமை. பெரிய விசைப்படகுகளின் வலையில் சிக்கி, மூச்செடுக்க நீரின் மேற்பரப்புக்கு வர முடியாமல் மூழ்கிப் போனவை இப்படிக் கரை ஒதுங்கும். அதன் ஓட்டின்மேல் அடையாளத்துக்காக வண்ணம் தெளித்துவிட்டு, குறிப்பேட்டில் பதிந்துகொண்டு, ஒருவரும் எதுவும் பேசாமல் நடந்தார்கள். 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் இப்படி ஒதுங்கியபோது, அன்று இரவு பார்த்த அந்த ஒற்றை ஓடுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் வெகுதூரம் நடந்தோம். திருவான்மியூரைத் தாண்டிய ஓரிடத்தில் முன்னால் சென்றவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். நீரிலிருந்து மணல்மேட்டை நோக்கி ஒரு தடம் ஏறிப் போயிருந்தது. சற்றுத் தள்ளி இன்னொரு தடம் நீருக்கே திரும்பியிருந்தது. தாய் வந்து போய்விட்டாள். இரு தடங்களும் சந்தித்த இடத்தில் மணல் கலைந்திருந்தது. அவர் மெல்லிய கம்பியால் மணலை அங்கங்கே மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் கம்பி தடையின்றி இறங்கியது. மண்டியிட்டு, கையை மட்டும் பயன்படுத்தி, தோள் வரை உள்ளே விட்டு அள்ளத் தொடங்கினார். குறுகிய கழுத்தும் அகன்ற வயிறுமாக, ஒரு குடத்தை மண்ணுக்குள் புதைத்து எடுத்துவிட்டதுபோல் இருந்தது அந்தக் குழி. பின் துடுப்புகளால், கண்ணால் பார்க்காமலேயே, பங்குனி ஆமை அதைத் தோண்டுகிறது. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள், வெள்ளையாக, சற்றே ஈரமாக இருந்தன. ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பைக்குள் வைத்தார்கள். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டார்கள்.

பெசன்ட் நகரை அடைந்தபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. கம்பும் வலையும் கட்டி அடைத்த சிறு பொரிப்பகத்தில், அளந்து வந்த அதே ஆழத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டி முட்டைகளை வைத்து, தாய் இட்ட இடத்தின் ஈர மணலையே மேலே போட்டு மூடினார்கள். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாட்கள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். அவை வெளிச்சத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. மனிதர் விளக்கேற்றாத காலத்தில் இரவில் கடலே நிலத்தைவிட வெளிச்சமாக இருந்தது. இன்று தெருவிளக்குகளும் உணவகங்களும் அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடுகின்றன, அதனால்தான் இவ்வளவு சிரமமும். நான் அந்தப் பொரிப்பகத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தபோது, சற்றுத் தொலைவில் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் தெரிந்தது. 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காக்கப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவருக்கு எழுப்பியது. அதன் நிழலில் எத்தனையோ ஞாயிறு மாலைகளில் சுண்டலும் பஜ்ஜியும் தின்றுகொண்டு, கூட்டம் தாங்க முடியவில்லை என்று அலுத்துக்கொண்டிருக்கிறேன். இது அதே மணல்தான். ஆனால் அன்றுவரை எனக்குத் தெரிந்த பெசன்ட் நகர், ஒரு நாளின் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் உரிய பெசன்ட் நகர் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெளிவானது. அதன் பிறகு, பிடிக்கவில்லை என்று நான் ஒதுக்கியிருந்த இடங்களையெல்லாம் வேறு வேளைகளில் மறுபடி போய்ப் பார்க்கத் தொடங்கினேன்.

வெயில் ஏறிய பிறகு

கோடையில் வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, பகல் பதினொன்று முதல் நான்கு வரை என்ன செய்வது என்று. சென்னையில் நண்பகலைக் கடற்காற்றுதான் தீர்மானிக்கிறது. பகல் ஒரு மணிக்குள் அது உள்ளே நுழைந்துவிட்டால் நடக்கலாம். மேற்கிலிருந்து வரும் வெப்பக்காற்று அதைத் தடுத்து நிறுத்தும் அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே போவது வீண். அந்த நேரத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தை விடச் சிறந்த இடத்தை நான் அறியேன். 1851இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அங்கே செப்புத் திருமேனிகள் உள்ள கூடத்தில் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். கோயிலில் உற்சவத் திருமேனியைப் பட்டும் பூவும் மூடியிருக்கும். முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். இங்கே பின்புறமாகவும் சுற்றிவந்து பார்க்கலாம். திருவெண்காட்டு அர்த்தநாரியின் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறு பக்கம் குழைந்தும் நிற்பதை, இரண்டு உடல்கள் சேரும் கோடு எங்கே என்று தேடிக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்துவிட்டு, பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நமக்கோ மூலமே ஒரு நகரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தை விட்டு வந்த பிறகு பிற்பகலில், தூண்களின்மேல் ஓடும் பறக்கும் ரயிலில் ஏறுங்கள் என்று சொன்னால் பலர் வியக்கிறார்கள். 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்ட பாதை அது. அலுவலக நேரத்தில் நிற்க இடமிருக்காது. பிற்பகலில் சன்னலோரம் தாராளமாகக் கிடைக்கும். நகரத்தின் மொட்டை மாடிகளையும், காயும் வற்றலையும் துணிகளையும், தென்னை உச்சிகளையும் அந்த உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போகலாம். கீழே பக்கிங்காம் கால்வாய் கறுத்துக் கிடக்கும். ஒருகாலத்தில் ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை படகுகள் போன நீர்வழியின் நடுவிலேயே இந்த ரயிலின் தூண்களை ஊன்றியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்காமல் இந்நகரத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கோட்டூர்புரத்தில் இறங்கினால் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கே ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையில் வந்து இரவு மூடும்வரை அங்கேயே இருப்பதைக் காணலாம். அதே தடத்தில் வேளச்சேரி வரை போனால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் அருகில்தான். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்த நிலத்துக்குக் கோடையில் போக வேண்டாம், மழை முடிந்த குளிர்காலக் காலையில் போனால் குப்பைமேட்டின் பின்னணியிலேயே பூநாரைகள் நிற்பதைப் பார்க்கலாம்.

மாலைக்குப் பரங்கிமலை. சுமார் முந்நூறு அடி உயரம்தான். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் செய்துகொடுத்த படிகளில் ஏறினால், மேலே 1523இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய முதல் அடிப்படைக் கோடு இந்த மலையடியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலியால் அளக்கப்பட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் அங்கே மணிக்கணக்கில் இருப்பார்கள்.

அந்த வேளைகள் யாருக்குக் கிடைக்கின்றன

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட என் மனம் இடம் தரவில்லை. நான் நல்ல வேளை என்று குறித்தவற்றில் பாதி, ஒரு பெண் தனியாகப் போக முடியாத வேளைகள். ஆமை நடையின் இரவு எனக்குக் கிடைத்தது, கூட இருபது பேர் நடந்ததால். தனியாக அந்த நேரத்தில் நீலாங்கரைக் கரையில் நிற்க நான் இன்றும் துணிய மாட்டேன். மெரினாவில் இரவு பத்து மணியை ஒட்டிக் காவலர்கள் வந்து உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி அனுப்பும்போது, அதனால் அமைதி பெறுகிறவளும் நானே, அந்தக் கடற்கரையை இழக்கிறவளும் நானே. விடியலுக்கு முன் காசிமேட்டுக்குப் போக எனக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது. பணம் இல்லாதவர்கள் முதல் பேருந்துக்குக் காத்திருந்தால் ஏலம் முடிந்துவிடும். எங்கே போனாலும் தூய்மையான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நானும் என் வயதொத்த பெண்களும் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்.

அதே வேளையில், அந்த இருட்டில் எனக்கு வெகு முன்பே வந்து நிற்பவர்களும் பெண்கள்தான். காசிமேட்டில் அன்னக்கூடையோடு ஏலத்துக்கு வருகிறவர்கள் நகரத்தின் பல பகுதிகளிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வருகிறார்கள். கோயம்பேட்டில் பூ வாங்க வருகிறவர்களும் அப்படியே. கூட்டமாக வருவதுதான் அவர்களுடைய பாதுகாப்பு. அவர்களில் ஒருவரிடம் மீன் வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தபோது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டேன். தூங்கினால்தானே எழுவதற்கு என்றார் அவர். சென்னைக்கு வருகிறவர்களுக்கென்று புதிய பூங்காக்களையும் செயற்கை நீரூற்றுகளையும் அமைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்கும் கோயம்பேட்டுக்கும் பேருந்து விட்டு, அங்கே இரவெல்லாம் விளக்கெரியும் கழிப்பறைகளைக் கட்டிப் பராமரிக்கலாம். முதலில் அவர்கள் பயன்படுத்துவார்கள். அதே பேருந்தில் நாமும் போவோம்.